சரக்கு வேன் வாங்கப் போகிறவருக்கு

சிறுவணிகம் செய்கிற ஒருவர் தம் வாழ்நாளில், வீட்டுக்கு அடுத்தபடியாக அதிக விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் தம் வேனாகத்தான் இருக்கும். வீடு வாங்கும்போது பத்து இடம் பார்க்கிறோம், பெரியவர்களைக் கலந்துகொள்கிறோம், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறுமா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். வேன் வாங்கும்போது மட்டும், பக்கத்துக் கடைக்காரர் எதை வைத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு அதையே வாங்கிவிடுகிறோம். பக்கத்துக் கடைக்காரர் ரொட்டி ஏற்றுகிறவராக இருக்கலாம். நாம் ஏற்றுவது வெங்காயமாக இருக்கலாம். ரொட்டிக்கு நல்ல வண்டி வெங்காயத்துக்கும் நல்ல வண்டியாக இருந்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வியாபாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத் தவணை நிற்பதில்லை. கடைக்கு இரண்டு நாள் விடுமுறை விடலாம். வங்கிக்கு விட முடியாது. தவறான வேனை வாங்கியவர் ஐந்தாண்டு, ஏழாண்டு அந்தத் தவற்றுக்கு மாதந்தோறும் பணம் கட்டுகிறார். ஆகவே இன்று இரண்டு டீசல் வேன்களுக்கு இடையே எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசலாம் என்று எண்ணுகிறேன்.

வானொலியில் கம்பெனிப் பெயர்களைச் சொல்வது வழக்கமில்லை. ஆனால் பெயரைச் சொல்லாமல் பேசினால் இன்றைய பேச்சு காற்றில் போய்விடும். எனவே நம் நாட்டுச் சாலைகளில் ஏராளமாகக் காணப்படும் இரண்டு வண்டிகளையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, டொயோட்டா ஹையேஸ் 2.5 லிட்டர் டீசல். மற்றொன்று, நிசான் என்வி350 அர்வான் 2.5 லிட்டர் டீசல். இதை யாரும் விளம்பரமாகக் கொள்ள வேண்டாம், எடுத்துக்காட்டாகக் கொள்ளுங்கள். வேறு இரண்டு வேன்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதே கேள்விகள் பயன்படும்.

முதலில் வெளித்தோற்றம். இந்த இரண்டு வேன்களையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகளோ என்று தோன்றும். ஒன்றின் நீளம் 4.695 மீட்டர், மற்றதன் நீளமும் அதே 4.695 மீட்டர். அகலமும் இரண்டுக்கும் ஒன்றே, 1.695 மீட்டர். இது தற்செயல் அன்று. ஜப்பானில் சிறிய சரக்கு வாகனம் என்ற வகையில் ஒரு வண்டியைப் பதிவு செய்ய வேண்டுமானால், அது 4.7 மீட்டர் நீளத்தையும், 1.7 மீட்டர் அகலத்தையும், 2 மீட்டர் உயரத்தையும் தாண்டக் கூடாது. 2004-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ஹையேஸும், 2012-ஆம் ஆண்டு வெளிவந்த என்வி350-யும் அந்தக் கட்டத்துக்குள் கடைசி அரை அங்குலம் வரை நிரம்பும்படி செய்யப்பட்டவை. இரண்டிலும் எஞ்சின் முன் இருக்கைகளின் கீழே இருக்கிறது. பின் சக்கரங்கள் தள்ளுகின்றன. பின்பக்கம் இலைச் சுருள் பட்டைகள் சுமையைத் தாங்குகின்றன. ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

உள்ளே ஒரு சிறு வேறுபாடு உண்டு. ஹையேஸின் சரக்குத் தளம் 3 மீட்டர் நீளம். என்வி350-இன் தளம் 3 மீட்டர் 5 சென்டிமீட்டர். இவை தயாரிப்பாளர்கள் ஜப்பானிய வண்டிகளுக்குத் தரும் அளவுகள். ஐந்து சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். பத்தடி நீளப் பொருள் ஒன்றை ஏற்றுகிறவரிடம் கேளுங்கள். பத்தடி என்பது 3 மீட்டர் 4.8 சென்டிமீட்டர். ஒன்றில் கதவு மூடும், மற்றொன்றில் மூடாது. குழாய், மரச்சட்டம், மேடை அலங்காரச் சாமான் ஏற்றுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். மூலைவாட்டில் சாய்த்து வைத்தால் போகுமே என்பீர்கள். ஒரு குழாய் போகும். ஐம்பது குழாய் போகாது. காய்கறிக் கூடை ஏற்றுகிறவருக்கோ இந்த ஐந்து சென்டிமீட்டர் பற்றிக் கவலையே வேண்டாம். எதற்கும் கடைக்குப் போகும்போது ஓர் அளவு நாடாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். இங்கே விற்கும் வண்டிகளில் இருக்கைக்குப் பின்னால் தடுப்புக் கம்பியோ தகடோ வைத்திருந்தால் அந்த அளவும் குறைந்துவிடும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். வேன் வாங்கும் வேலை வேன் கடையில் தொடங்குவதில்லை. உங்கள் கடையில், ஒரு தராசிலும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் தொடங்குகிறது. ஒரு மாத காலம், ஒவ்வொரு நடைக்கும் என்ன ஏற்றினீர்கள், எத்தனை கிலோ, எத்தனை கிலோமீட்டர், எத்தனை இடத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள். பழைய வேனோ வாடகை வேனோ எதில் போனாலும் சரி, எழுதுங்கள். இதைச் செய்யாமல் வண்டி பார்க்கப் போகிறவர், கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்கப் போகிறவரைப் போன்றவர்.

சரக்குகளில் இரண்டு இனம் உண்டு. எடை எட்டுவதற்கு முன்பே இடத்தை நிரப்பிவிடும் சரக்கு ஓர் இனம். ரொட்டி, அப்பளம், பூ, மெத்தை இவையெல்லாம் இந்த இனம். இடம் நிரம்புவதற்கு முன்பே எடையை எட்டிவிடும் சரக்கு மற்றோர் இனம். அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு, தண்ணீர்ப் போத்தல் இவை அந்த இனம். இந்த வேன்களின் சரக்கு அறை ஏறக்குறைய 6 கன மீட்டர் இருக்கும். ஒரு கன மீட்டர் உருளைக்கிழங்கு சுமார் 650 கிலோ. கூரை வரை உருளைக்கிழங்கைக் கொட்டி நிரப்பினால் மூன்றரை டன்னுக்குக் குறையாது. ஆனால் இவை ஒரு டன்னை ஒட்டிச் சுமக்கும் வகை வண்டிகள். இடம் இருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போகிறவர், மூன்று வண்டிச் சுமையை ஒரு வண்டியின் முதுகில் வைக்கிறார்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதை எங்கே பார்ப்பது? நம் நாட்டில் சரக்கு வாகனங்களின் கதவில் இரண்டு எடைகள் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று, சரக்கு இல்லாத வெறும் எடை. மற்றொன்று, சரக்கோடு சேர்ந்த உச்ச எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதே உங்களுக்கு உரிய சுமை. ஒரு கணக்குக்காக, சரக்கோடு எடை 2,800 கிலோ, வெறும் எடை 1,750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,050 கிலோ. உடனே 1,050 கிலோ சரக்கு ஏற்றலாம் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ஓட்டுநர் 75 கிலோ, உதவியாள் 65 கிலோ, பிறகு நீங்கள் போட்ட பலகைத் தளமும் இரும்புத் தட்டும் 60 கிலோ. ஆக 200 கிலோ போய்விட்டது. மிஞ்சுவது 850 கிலோ. 25 கிலோ கூடை என்றால் 34 கூடை. முப்பத்தைந்தாவது கூடை அளவுக்கு மேல். நீங்கள் பார்க்கும் இரண்டு வேன்களின் பதிவுச் சான்றுகளையும் வாங்கி இந்தக் கழித்தலைச் செய்து பாருங்கள். விலைப்பட்டியலில் ஆயிரம் வெள்ளி குறைவாக இருக்கும் வேன், ஒரு நடைக்கு நான்கு கூடை குறைவாக ஏற்றினால், அந்த ஆயிரம் வெள்ளி எத்தனை மாதத்தில் கரைந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது எஞ்சினைப் பார்ப்போம். விற்பனையாளர் உற்சாகமாகப் பேசுகிற இடம் இது. ஹையேஸின் 2.5 லிட்டர் எஞ்சின் 2,494 கன சென்டிமீட்டர். அதன் முறுக்கு விசை 260 நியூட்டன் மீட்டர் அளவில் உள்ளது. என்வி350-இன் எஞ்சின் 2,488 கன சென்டிமீட்டர். அதன் முறுக்கு விசை 356 நியூட்டன் மீட்டர் அளவில் உள்ளது. முறுக்கு விசை என்றால் வேறொன்றுமில்லை, சக்கரத்தைத் திருப்பும் வலிமை. சுமையோடு நிற்கும் வண்டியை நகர்த்துவதும், மேட்டில் கியரைக் குறைக்காமல் இழுப்பதும் அந்த வலிமைதான். எஞ்சின் பருமன் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் ஒன்று மற்றதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக இழுக்கிறது. காகிதத்தில் பார்த்தால் போட்டி இங்கேயே முடிந்துவிட்டது போல் தோன்றும்.

முடியவில்லை, நேயர்களே. கேமரன் மலையிலிருந்து கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் ஒரு வியாபாரியை எண்ணிப் பாருங்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. ஏறும் உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர். மலை வண்டி என்றதும் நாம் இழுவை, இழுவை என்கிறோம். ஆனால் இந்த வியாபாரி மலை ஏறும்போது வண்டியில் என்ன இருக்கிறது? வெறும் கூடை. சரக்கு இருப்பது இறங்கும்போது. ஆகவே அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த வண்டி எப்படி இழுக்கும் என்பதன்று. எப்படி நிற்கும் என்பது. மேலே உரமும் மளிகையும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பும்போது காய்கறி ஏற்றுகிறவருக்கு மட்டும் இரண்டு கேள்வியும் முக்கியம்.

இறங்கும் வேலை எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். சரக்கோடு மூன்று டன் எடையுள்ள ஒரு வண்டி 1,400 மீட்டர் இறங்கும்போது விடும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், ஏறக்குறைய 140 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அந்த வெப்பத்தில் காற்றும் சக்கரங்களின் உராய்வும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றன. மீதியைச் சுமப்பவை எஞ்சினும் பிரேக்கும். எஞ்சினுக்குப் பங்கு கொடுக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறி, பிடிப்பு இழந்து, மிதியடி கால் கீழே போகிறபோது வண்டி மட்டும் நிற்காமல் போகும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று பழைய லோரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். வேனுக்கும் அதே விதிதான். எண்ணெய் மிச்சம் என்று கியரை எடுத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதில் மிச்சம் ஏதும் இல்லை. இக்கால டீசல் எஞ்சின் கியரில் இருந்தபடி இறக்கத்தில் ஓடும்போது, எண்ணெய் மிதியை விட்டுவிட்டால் டீசல் ஊற்றுவதையே நிறுத்திக்கொள்கிறது. கியரை எடுத்துவிட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்கத் தொடர்ந்து டீசல் குடிக்கிறது. ஆக, உயிருக்கும் ஆபத்து, பணத்துக்கும் நட்டம்.

அதனால் மலைக்குப் போகிறவர்கள் இரண்டு வேன்களிலும் பிரேக்கைப் பற்றிக் கேளுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். நீங்கள் வாங்கப் போகும் அதே வகையில், அதே ஆண்டு வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். விலை உயர்ந்த வகையில் இருப்பதைக் காட்டிவிட்டு, விலை குறைந்த வகையை விற்பது உண்டு. டயர் மாற்றும்போது சரக்கு வண்டிக்கு உரிய, அளவின் முடிவில் சி என்ற எழுத்துள்ள டயரையே போடுங்கள். கார் டயர் மலிவாகக் கிடைக்கும். ஒரு டன் சுமைக்கு அது செய்யப்பட்டதன்று. ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் உறுதியான இரும்புத் தடுப்பு இல்லாமல் சரக்கு ஏற்றாதீர்கள். இவ்வகை வேன்களில் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் அதிக இரும்பு இல்லை. திடீரென நிறுத்தினால் பின்னாலிருந்து சரக்கும் வந்து மோதினால் என்னாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த இருக்கையில் உட்காரப் போவது பெரும்பாலும் உங்கள் தம்பியோ மகனோதான்.

அடுத்து, எஞ்சினுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேறுபாடு. எஞ்சினின் வால்வுகளைக் காலந்தவறாமல் திறந்து மூடச் செய்ய, ஹையேஸின் அந்த 2.5 லிட்டர் எஞ்சினில் ரப்பர் பெல்ட் இருக்கிறது. என்வி350-இன் எஞ்சினில் இரும்புச் சங்கிலி இருக்கிறது. பெல்ட்டை 150,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு அது ஓட்டத்தில் அறுந்தால், வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே வீணாகிவிடும். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 150,000 கிலோமீட்டர் ஐம்பது மாதத்தில் வந்துவிடுகிறது. ஐந்தாண்டுத் தவணை முடிவதற்கு முன்பே ஒரு பெல்ட் செலவு இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஹையேஸ் வாங்குகிறவர் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டு, இரசீது இருந்தால் நம்புங்கள். இரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

சங்கிலிக்கு இப்படிக் காலக்கெடு இல்லை. அதற்காகச் சங்கிலியைச் சாகாவரம் பெற்றது என்று நினைத்துவிடக் கூடாது. சங்கிலி எஞ்சின் எண்ணெயில் குளித்துக்கொண்டு ஓடுவது. எண்ணெயைக் காலத்தில் மாற்றாமல், கரி கலந்த கறுப்பு எண்ணெயிலேயே ஓட்டினால் சங்கிலி தேய்ந்து நீண்டு சத்தம் போடத் தொடங்கும். அதை மாற்றும் கூலி பெல்ட் மாற்றும் கூலியைவிட அதிகம். பெல்ட் நாள் குறித்து வந்து பணம் கேட்கிறது. சங்கிலி ஒழுங்காகக் கவனிக்கிறவரை ஒன்றும் கேட்பதில்லை, கவனிக்காதவரை ஒரே நாளில் மொத்தமாகக் கேட்கிறது. உங்கள் கடையில் எண்ணெய் மாற்றும் தேதியை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? யாருமில்லை என்றால் அதையும் வண்டி தேர்ந்தெடுக்கும்போது எண்ணிப் பாருங்கள்.

டீசல் செலவுக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் 2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் டீசலுக்கான பொது உதவித்தொகை நீக்கப்பட்டது. ஒரே நாளில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஏறியது. அதன்பின் விலை சந்தையை ஒட்டி ஏறி இறங்கத் தொடங்கியது. அந்த நாளுக்கு முன்பு போட்ட கணக்குகளை வைத்து இன்றும் வேன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 3,000 கிலோமீட்டர். ஒரு வேன் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறது, மற்றது 11 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எது 10, எது 11 என்று நான் சொல்லவில்லை. அது சுமையையும் ஓட்டுகிறவரின் காலையும் பொறுத்தது. முதல் வேனுக்கு 300 லிட்டர். இரண்டாவதற்கு ஏறக்குறைய 273 லிட்டர். மாதத்துக்கு 27 லிட்டர் வித்தியாசம். பழைய விலையில் இது ஐந்தாண்டுக்குச் சுமார் 3,500 வெள்ளி. 3 வெள்ளி 35 காசு விலையில் சுமார் 5,500 வெள்ளி. லிட்டருக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் செய்யும் வேலை இது. ஆகவே இரண்டு வண்டியையும் வைத்திருப்பவர்களை, உங்களைப் போலவே சுமை ஏற்றுகிறவர்களை, தேடிப் பிடித்துக் கேளுங்கள். காலி வண்டிக்கான கணக்கு உங்களுக்கு உதவாது.

உதவித்தொகை நீக்கப்பட்டபோது, தகுதி பெற்ற சரக்கு வாகனங்களுக்குத் தனி அட்டை மூலம் 2 வெள்ளி 15 காசு விலையிலேயே டீசல் வழங்கும் திட்டமும் செயல்பட்டது. எல்லா வண்டிக்கும் அது கிடைத்துவிடாது. வாகனத்தின் வகையும் உரிமமும் பார்க்கப்படும். வாங்கப் போகும் வேன் எந்த வகையில் பதிவாகும், அதற்குத் தகுதி உண்டா என்பதை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கியபின் கேட்பதில் பயனில்லை.

டீசலின் தரமும் மாறியிருக்கிறது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் நிலையங்களில் யூரோ 5 டீசல் கட்டாயமானது. அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். அது எஞ்சினுக்கு நல்லதே. செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் உயிரி டீசலும் அதில் கலக்கப்படுகிறது. உயிரி டீசல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. எனவே டீசல் வடிகட்டியின் அடியில் சேரும் தண்ணீரைக் காலாகாலத்தில் வடித்துவிடச் சொல்லிப் பட்டறையில் கேளுங்கள். வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இது இன்னும் அவசியம்.

இதுவரை மலை வியாபாரியைப் பற்றியே பேசினேன். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூக்கடை வைத்திருப்பவர் ஒருவர் இருந்தால், அவர் கதை வேறு. விடியற்காலையில் பூ எடுத்துவந்து, கோயில்களுக்கும் மண்டபங்களுக்கும் மாலை கொண்டுபோகிறார். ஒரு நடை மூன்று நான்கு கிலோமீட்டர். எடை இல்லை, இடம்தான் வேண்டும். 356 நியூட்டன் மீட்டர் அவருக்கு என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் பெல்ட்டுக்கு 150 மாதம் ஆகும். தூரம் வராவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதை மட்டும் மறக்க வேண்டியதில்லை. அவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் புகைத் துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். அதில் சேரும் கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும். அதற்கு 600 டிகிரி அளவு வெப்பமும், தொடர்ந்த ஓட்டமும் வேண்டும். நான்கு கிலோமீட்டர் ஓடி அணைக்கும் வண்டிக்கு அந்த வெப்பம் வருவதேயில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், பட்டறைச் செலவு வரும். ஆகவே இவர் இரண்டு வேன்களில் எதில் அந்த வடிகட்டி இல்லையோ, அல்லது எதை வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் ஓட்ட முடியுமோ, அதைப் பார்க்க வேண்டும். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், இவர் டீசல் வேன் பார்க்க வந்ததே எதற்கு என்று கேட்பேன். இவருக்குப் பெட்ரோல் வேன் போதும்.

கடன் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கார் வாங்குகிறவர்களுக்கு 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறி, 21 நாள் அறிவிப்பும் கொடுத்த பிறகே வண்டியை இழுக்கலாம். விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்பவை அச்சட்டத்தின் விதிகள். ஆனால் சரக்கு வாகனங்களைப் பொறுத்தவரை, சரக்கோடு எடை 2,540 கிலோவுக்கு மேற்படாதவை என்று அதன் அட்டவணையில் எல்லை வகுக்கப்பட்டது. ஒரு டன் வேன்கள் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டி நிற்பவை. காருக்கு உள்ள பாதுகாப்பு தம் வேனுக்கும் இருக்கிறது என்று நம்பிக் கையெழுத்திடுகிறவர்கள் பலர். சட்டங்கள் திருத்தப்படுவதுண்டு, எனவே நீங்கள் கையெழுத்திடும் நாளில் உங்கள் வேனின் எடைக்கு எந்த விதி பொருந்தும், தவணை தவறினால் எத்தனை நாள் அவகாசம் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் தரத் தயங்கும் இடத்தில் கையெழுத்திடத் தயங்குங்கள். வட்டியை ஒப்பிடும்போது விழுக்காட்டைப் பார்ப்பதைவிட, மாதத் தவணையை மாதங்களால் பெருக்கி, அதிலிருந்து கடன் தொகையைக் கழித்துப் பாருங்கள். அதுதான் நீங்கள் கொடுக்கும் வட்டி.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். சூடேற்றி வைத்திருந்தால் திரும்பி வந்துவிட்டு, மறுநாள் போங்கள். முன் இருக்கையைத் தூக்கி எஞ்சினைச் சுற்றி எண்ணெய்க் கசிவும் கரியும் இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புப் புகை தொடர்ந்து வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. மீன் ஏற்றிய வண்டியா என்று மோப்பம் பிடித்தால் போதாது, வாசனையைப் போக்கிவிடுவார்கள். தளப் பலகையைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். உப்புத் தண்ணீர் தின்ற இரும்பைச் சாயம் பூசி மறைக்கலாம். சுமை தாங்க வைக்க முடியாது.

அப்படியானால் இரண்டில் எதுதான் வாங்குவது என்று இன்னும் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சுமையோடு மேடு ஏறுகிறவர், நெடுஞ்சாலையில் நாள்தோறும் தூரம் ஓடுகிறவர், பத்தடிப் பொருள் ஏற்றுகிறவர், எண்ணெய் மாற்றும் தேதியைத் தவறவிடாதவர் ஆகியோருக்கு நான் அர்வானைச் சொல்வேன். ஊருக்குள் ஓடுகிறவர், பட்டறை அறிவில் நிச்சயம் வேண்டுகிறவர், பெல்ட் செலவை முன்கூட்டி ஒதுக்கி வைக்கக்கூடியவர் ஆகியோருக்கு ஹையேஸ் போதுமானது. ஆனால் என் சொல்லைவிட உங்கள் ஊர்ப் பட்டறைக்காரரின் சொல் பெரிது. அவரிடம் போய், எந்த வண்டி நல்லது என்று கேட்காதீர்கள். ஆளுக்கொரு பிடித்தம் இருக்கும். இரண்டு வண்டிக்கும் கிளட்ச் மாற்ற எவ்வளவு, டீசல் பீய்ச்சும் குழல் ஒன்று எவ்வளவு, சாமான் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். வண்டி மூன்று நாள் நின்றால் உங்கள் நட்டம் எவ்வளவு என்பது உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. வணிக வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. அதற்கு வண்டியைத் தயார்செய்யத் தெரிந்தவரும் அவரே.

முடிவு செய்துவிட்டீர்கள், பணமும் கட்டிவிட்டீர்கள். வண்டியை எடுக்கப் போகும் நாளில் உதவியாள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கதவில் எழுதியிருக்கும் இரண்டு எடைகளும் பதிவுச் சான்றில் உள்ளவையேதானா என்று ஒருவர் படிக்க மற்றவர் சரிபாருங்கள். வீடு திரும்பும் வழியில் எடைமேடை இருந்தால், காலி வண்டியை ஏற்றி எடைபோட்டு, அந்தச் சீட்டை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த நாள் சரக்கு ஏற்றும்போது அது தேவைப்படும்.